கோலாலம்பூரில் தொண்டு நிகழ்ச்சிகளுக்கு விளையாட்டுப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்வட்டு நிறைய காற்பந்துப் படங்கள் கிடக்கின்றன, யாரும் பார்ப்பதில்லை. எதற்காக எடுக்கிறேன் என்றே தெரியவில்லை. தொண்டு நிகழ்ச்சிகளுக்கு எடுத்தால் இந்த அலுப்பு தீருமா?

பெரும்பாலும் தீரும். அங்கே உங்கள் படத்துக்கு ஒருவர் காத்திருக்கிறார், அதுதான் காரணம். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் குழுவின் செயலாளர், அடுத்த ஆண்டு நிதி விண்ணப்பத்தோடு நான்கு படங்கள் இணைக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஓட்டக் காலணி வாங்கித் தந்த நன்கொடையாளருக்குப் பிள்ளைகள் அதை அணிந்து ஓடுவதைக் காட்ட வேண்டும். இவர்கள் கையில் இருப்பதெல்லாம் திடலின் மறுகோடியிலிருந்து கைப்பேசியில் எடுத்த மங்கல் படங்கள்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்: உங்களுக்குப் பிடித்த படத்தை அவர்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். வியர்வைத் துளி பறக்கும் அருமையான படத்தை ஒதுக்கிவிட்டு, ஆதரவாளரின் பதாகை முழுதாகத் தெரியும் சாதாரணப் படத்தை எடுத்துக்கொள்வார்கள். இதில் மனம் நோகிறவர்கள் இரண்டே நிகழ்ச்சிகளில் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பதாகைப் படத்தையும் கவனமாக எடுப்பதில் ஒரு தொழில் இருக்கிறது என்று கண்டுகொள்பவர்கள் பல ஆண்டுகள் நீடிக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது? யாரிடம் கேட்பது?

பெரிய நெட்டோட்டங்களிடம் முதலில் போகாதீர்கள். அவர்கள் கட்டணப் படக்காரர்களை ஒப்பந்தம் செய்திருப்பார்கள். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நடக்கும் போட்டிகளுக்கு ஊடக அட்டை இல்லாமல் களத்தருகே நிற்க விடமாட்டார்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை, செகாம்புட் வட்டாரங்களில் உள்ள இளைஞர் மன்றங்கள், சிலம்பக் கழகங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள், சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்டும் அமைப்புகள் ஆகியவை ஆண்டுக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளாவது நடத்துகின்றன. அவர்களிடம் படக்காரரும் இல்லை, அதற்கு ஒதுக்கிய பணமும் இல்லை.

கையில் காட்டுவதற்கு எதுவும் இல்லையென்றால், ஞாயிறு காலையில் நகர மையச் சாலைகளை மூடி நடத்தும் ‘கார் இல்லாத காலை’க்குப் போய்ப் பழகுங்கள். ஓடுபவர்கள், மிதிவண்டிக்காரர்கள், சறுக்குக் காலணிச் சிறுவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடுபவர்களும் நல்ல பயிற்சிதான். நேருக்கு நேர் எடுப்பதென்றால் கையசைத்துக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கேட்கும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதினால் போதும்: “வணக்கம் ஐயா. நான் செந்தூலில் வசிக்கிறேன், விளையாட்டுப் படங்கள் எடுப்பேன். உங்கள் நன்கொடை ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லாமல் எடுத்துத் தர விரும்புகிறேன். அன்று மாலையே 20 படங்களும், ஒரு வாரத்தில் மற்றவையும் தருவேன். முன்பு எடுத்த பத்துப் படங்கள் கீழே உள்ள இணைப்பில்.” பத்துக்கு மேல் அனுப்பாதீர்கள். பதினொன்றாவது படத்தை யாரும் திறப்பதில்லை.

அறிமுகமில்லாத அமைப்பு என்றால், அது சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவானதா என்று கேளுங்கள். நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்று விளம்பரம் செய்தால், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இதைக் கேட்பதால் உண்மையான அமைப்பு எதுவும் கோபித்துக்கொள்ளாது. உங்கள் படம் ஏமாற்று வசூலுக்கு முகப்பாகிவிடக் கூடாது.

விலையுயர்ந்த கேமரா வேண்டுமா?

வெயிலில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு வேண்டாம். பத்தாண்டு பழைய கேமரா உடலும் 55-250 மிமீ லென்ஸும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தாராளம். உள்ளரங்கத்தில் எஃப்5.6 லென்ஸ் திணறும் (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அதிகம் திறந்து கூடுதல் ஒளி வாங்கும்). அங்கே 85 மிமீ எஃப்1.8 லென்ஸைப் பழையதாக வாங்குவதுதான் மிகச் சிக்கனமான வழி. 70-200 எஃப்2.8 லென்ஸ் இருந்தால் எல்லாம் எளிது, ஆனால் அதை வாங்கிய பிறகுதான் தொண்டு என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு உபரி பேட்டரி, இரண்டு கார்டு, தொப்பி, ஒரு பெரிய பிளாஸ்டிக் பை (மழைக்கு). முதல் நிகழ்ச்சிக்கு இவை போதும்.

அமைப்புக்கு எந்தெந்தப் படங்கள் கட்டாயம் வேண்டும்?

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே செயலாளரிடம் கேளுங்கள்: இந்தப் படங்கள் எங்கே போகும்? நாளிதழுக்கா, ஆண்டறிக்கைக்கா, முகநூலுக்கா, ஆதரவாளருக்கா? பதிலைப் பொறுத்துப் பட்டியல் மாறும். நாளிதழுக்கு என்றால் முகம் தெரியும் கிடைமட்டப் படம் ஒன்றும், இடமிருந்து வலமாகப் பெயர்களும் வேண்டும். ஆண்டறிக்கைக்கு, எழுத்து வைக்க மேலே அல்லது ஓரத்தில் வெற்றிடம் விட்ட படங்கள் வேண்டும். விளையாட்டுப் படக்காரர்கள் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் நெருக்கி எடுத்துவிடுவார்கள். பிறகு வடிவமைப்பாளர் தலைப்பு வைக்க இடமில்லாமல் தவிப்பார்.

எது என்றாலும் தவறவிடக் கூடாதவை சில உண்டு. தொடக்கக் கோட்டின் தோரண வளைவும் கூட்டமும் சேர்ந்த அகலப் படம், கூட்டம் நிறைந்திருக்கும் ஐந்து நிமிடத்துக்குள். ஒவ்வோர் ஆதரவாளரின் பதாகையும், அதன் முன் ஆட்கள் அசையும்போது. வெறும் பதாகை உதவாது. தண்ணீர் கொடுக்கும், குப்பை பொறுக்கும் தொண்டூழியர்கள்: அடுத்த ஆண்டு ஆள் சேர்க்க இந்தப் படங்கள்தான் உதவும். காசோலை வழங்கும் மேடைப் படம்: மூன்று முறையாவது எடுங்கள், யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். பிரமுகர் பெரும்பாலும் அரை மணி தாமதமாக வந்து பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். அவர் வரும் நேரத்தில் நீங்கள் ஓட்டப் பாதையின் மூன்றாவது கிலோமீட்டரில் நின்றால் எல்லாம் வீண். ஆகவே, யார் எப்போது மேடையேறுகிறார் என்பதை உங்களுக்கு அழைத்துச் சொல்ல ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, பயனாளிகள். நிதி யாருக்காகத் திரட்டப்படுகிறதோ அவர்கள் வந்திருந்தால், பரிதாபம் தோன்றும் கோணங்களைத் தவிருங்கள். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தில் யாரும் சிறுத்துத்தான் தெரிவார்கள்.

ஓட்டங்கள் விடியுமுன்பே தொடங்குகின்றன. இருட்டில் என்ன செய்வது?

கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் எழுகிறது. ஓட்டமோ 5.30க்கும் 6.30க்கும் இடையில் தொடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் தெருவிளக்குதான். எஃப்2.8 அல்லது அதைவிடத் திறந்த லென்ஸ், ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400. இதற்குக் கீழே ஷட்டரை இறக்கினால் முகம் தெளிவாக இருந்தாலும் கால்கள் கரைந்துவிடும். லென்ஸ் அவ்வளவு திறக்காது என்றால், முயற்சியை விட்டுவிட்டு வேறு வகையில் எடுங்கள்: 1/30 வைத்து, ஓடுபவரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். பத்தில் ஒன்று தேறும், தேறியது நன்றாக இருக்கும்.

மெர்டேக்கா சதுக்கத்தைச் சுற்றி ஓட்டம் நடந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் ஜாலான் ராஜாவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது, சூரியன் அதன் பின்னால்தான் எழும். கடிகாரக் கோபுரத்தைப் பின்னணியில் வைத்தால் வானம் வெளுத்து, முகம் கறுத்துவிடும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள், அல்லது வானம் இன்னும் நீலமாக இருக்கும் விடியலுக்கு முந்தைய இருபது நிமிடத்தில் அந்தப் படத்தை முடித்துவிடுங்கள். நம் கறுத்த முகங்களுக்குக் கேமராவின் தானியங்கி அளவீடு சரிவராது என்று பலர் குறைபடுவது இந்த மாதிரிப் பின்னொளியில்தான்.

நிற்கும் இடம்: வளைவு முடிந்து சாலை நேராகி 20 மீட்டர் கழித்து. வளைவிலேயே நின்றால் ஓடுபவர்கள் ஒருவரையொருவர் மறைப்பார்கள். மண்டியிட்டு, இடுப்பு உயரத்திலிருந்து எடுங்கள். அசையும் ஆளைப் பின்தொடரும் தொடர் குவியத்தை வைத்து, குவியும் பகுதியாக நடுவில் சிறு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்பில் குத்திய எண் அட்டை முழுதாகத் தெரிய வேண்டும், பின்னர் தேடுவதற்கு அதுதான் சாவி. ஆளுக்கு மூன்று படம் போதும். 500 பேர் ஓடினால் அதுவே 1,500 படம், 24 மெகாபிக்சல் ஜேபெக்கில் ஏறத்தாழ 15 ஜிபி. பத்துப் பத்தாக அடித்துத் தள்ளியவர்கள்தான் இரண்டு வாரமாகியும் படம் தராமல் முகம் காட்ட வெட்கப்படுகிறார்கள்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்தால், தொடங்குமுன் எல்லாரும் ஒரே கைப்பேசியின் கடிகாரத்தை, நொடி தெரியும்படி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா கடிகாரங்கள் எத்தனை நொடி முன்பின் ஓடுகின்றன என்று அதில் தெரியும், பிறகு மென்பொருளில் சரிசெய்து எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கலாம். இன்னொன்று: அந்நேரத்தில் எல்ஆர்டி ரயில் ஓடாது, சாலைகளும் மூடியிருக்கும். வண்டியை மூடிய பகுதிக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கத் திட்டமிடுங்கள்.

டேவானுக்குள் (மண்டபத்துக்குள்) பூப்பந்து (பேட்மிண்டன்) எடுத்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, அடுத்தது இருட்டு. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை, விளக்குதான் காரணம். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டேவான்களின் குழாய் விளக்குகளும் உயரத்தில் தொங்கும் உலோக ஹாலைடு விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/1000 ஷட்டர் அந்த அலையின் ஒரு துண்டை மட்டுமே பிடிப்பதால், ஒவ்வொரு படத்திலும் ஒளியும் நிறமும் மாறுகின்றன. கேமராவில் மினுக்குத் தடுப்பு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்கு அது காத்திருக்கும், தொடர் படப்பிடிப்பு சற்று மெதுவாகும். அது இல்லையென்றால் ரா கோப்பில் (கேமரா சுருக்காத மூலக் கோப்பில்) எடுத்துப் பின்னர் திருத்துங்கள். மின்னணு ஷட்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கிடைக்கோடுகள் விழும்.

ஃபிளாஷ் கூடவே கூடாது. இறகுப்பந்தைப் பார்த்து மேலே நிமிர்ந்திருக்கும் கண்ணில் அது நேரே அடிக்கும்.

சிலம்பம், கபடி?

சிலம்பக் கம்பு பெரும்பாலும் ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும், அதோடு கைநீளமும் அடிவைப்பும் சேரும். ஐந்து மீட்டருக்குள் போகாதீர்கள், சிறுவர்கள் ஆடும்போது இன்னும் தள்ளி நில்லுங்கள், ஏனென்றால் அவர்கள் கையிலிருந்து கம்பு நழுவும். 1/1000 வைத்தால் கம்பு உறைந்து, பிள்ளை சும்மா குச்சி பிடித்து நிற்பதுபோல் ஆகிவிடும். 1/200 முதல் 1/250 வரை வைத்தால் முகம் நிற்கும், கம்பின் நுனி வட்டமாக விரியும்.

கபடியில் பெரும்பாலோர் பாடிச் செல்பவரின் முதுகைத்தான் எடுக்கிறார்கள். நடுக்கோட்டின் ஓரத்தில், தரையோடு தரையாக உட்காருங்கள். பிடிபட்டவர் கோட்டை எட்ட கை நீட்டும் கணத்தில் அவர் முகம் உங்களை நோக்கி இருக்கும், பின்னால் நான்கு பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை பாடிச் செல்வது 30 நொடிதான், ஆதலால் கண்ணை எடுக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளின் போட்டிக்குப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் விளையாட்டைப் படித்துவிட்டுப் போங்கள். பார்வையற்றோர் காற்பந்திலும் கோல்பாலிலும் (பார்வையற்றோர் பந்தைக் கையால் உருட்டி ஆடும் ஆட்டம்) பந்துக்குள் மணி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் அந்த ஒலியை வைத்தே ஆடுகிறார்கள். ஆட்டம் நடக்கும்போது அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும், உங்கள் ஷட்டரும்தான். ஒலியில்லா ஷட்டர் இல்லாத கேமரா என்றால் தொலைவில் நின்று, பந்து வெளியே போன இடைவெளிகளில் முகங்களை எடுங்கள். குவியம் பிடித்ததும் கேமரா போடும் ‘பீப்’ ஒலியை வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். செவித்திறன் குறைந்தோரின் போட்டியில் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை, கண்ணில் படும்படி முன்னால் வந்து கையசையுங்கள். ஆட்டிச நிலையுள்ள பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஃபிளாஷ் வேண்டாம், கூட்டிச் சேர்த்துக் குழுப்படத்துக்குக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

சக்கர நாற்காலி வீரரின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நாற்காலி அவர் உடலின் ஒரு பகுதி போன்றது, அதில் சாய்ந்து நிற்கவோ பையை மாட்டவோ கூடாது. சக்கரத்தை வெட்டிவிடாமல் படத்தின் சட்டகத்துக்குள் வைத்தால்தான் வேகம் தெரியும்.

படக்குறிப்பில் பிரிவை எழுதுங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் மலேசியாவின் முதல் தங்கங்களை வென்ற மூவரில் முகமட் ரிட்சுவான் புசி டி36 பிரிவில் ஓடினார், சியாட் சொல்கிஃப்லி எஃப்20 பிரிவில் குண்டு எறிந்தார், அப்துல் லத்திஃப் ரொம்லி டி20 பிரிவில் நீளம் தாண்டினார். ‘டி’ ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும், ‘எஃப்’ எறிதலுக்கும். எண் குறைபாட்டின் வகையையும் அளவையும் குறிக்கிறது. “குறையை வென்ற மனிதர்” என்று உருகுவதைவிட “டி36, 100 மீட்டர் இறுதிச்சுற்று” என்று எழுதுவது அவருக்குத் தரும் மரியாதை.

இல்லத்துப் பிள்ளைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் எடுக்க அனுமதி எப்படி?

பள்ளியில் தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி, இல்லத்தில் பொறுப்பாளரின் அனுமதி. வாய்ச்சொல் போதாது, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த ஒரு வரியாவது வேண்டும். அதோடு இன்னொரு கேள்வி கேட்க வேண்டும், பலர் கேட்பதில்லை: “முகம் வெளியே தெரியக் கூடாத பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?” நீதிமன்ற வழக்கிலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ உள்ள பிள்ளையின் அடையாளம் வெளியாவதை 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் தடைசெய்கிறது. வெளியில் பார்த்தால் எந்தப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியாது. பொறுப்பாளர் அவர்களுக்கு ஒரு நிறக் கைப்பட்டை கட்டிவிட்டால், கணினியில் பிரிக்கும்போது தப்பாது. அவர்களை விலக்கி உட்கார வைத்துவிடாதீர்கள். பின்னாலிருந்தும், காலணி நாடா கட்டும் கைகளை மட்டும் வைத்தும் எடுக்கலாம்.

பொதுவெளிக்குப் போகும் படத்தில் முகமும் முழுப்பெயரும் இல்லத்தின் முகவரியும் ஒன்றாக வரக் கூடாது. கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள், கைப்பேசிப் படங்களில் அது பெரும்பாலும் தானாகவே இருக்கும். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் படம் எடுக்க வேண்டாம், இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குப் படத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்களா? இல்லத்துப் பிள்ளைகளிடம் கைப்பேசி இருக்காது. ஆளுக்கு ஒரு 4ஆர் (4-க்கு 6 அங்குல) அச்சு எடுத்துக் கொடுங்கள், 1200-க்கு 1800 பிக்சல் போதும். யாரையும் விட்டுவிடாமல் இருக்க, பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். நாற்பதில் முப்பத்தொன்பது கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமல் இருப்பதே மேல்.

படங்களை எப்போது, எப்படி ஒப்படைப்பது?

அன்று மாலை 20, ஒரு வாரத்தில் மீதி. சொன்ன இந்தக் கணக்கை மீறாதீர்கள். ஓட்டம் முடிந்த மறுநாள் முகநூலில் யாரும் அதைத் தேடுவதில்லை.

வீடு வந்ததும் கார்டை அழிக்காமல் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். முதல் சுற்றில் மங்கல், கண்மூடல், சங்கடமான கோலம் ஆகியவற்றை நீக்குங்கள். ஆடை விலகிய படம், துடோங் (முஸ்லிம் பெண்களின் தலைத்துணி) நழுவிய படம் போன்றவற்றை அமைப்பிடமே கொடுக்கக் கூடாது. முழு அளவுப் படங்கள் 20 மட்டும். மற்றவை நீண்ட பக்கம் 2048 பிக்சல், தரம் 80. அப்போது 1,500 படமும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும், இலவச மேகச் சேமிப்பே போதும். புலனத்தில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், நாளிதழில் அச்சிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஈரத்தில் லென்ஸ் பூஞ்சை பிடிக்கிறது என்கிறார்களே?

பிடிக்கும். உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள், இல்லையென்றால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு நிறம் மாறும்போது மாற்றுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனித்துப்போகும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். பிற்பகல் இடி கேட்டால் திடலை விட்டு வெளியேறுங்கள், முக்காலியை எடுக்கவென்று அங்கேயே நின்று வீரம் காட்ட வேண்டாம்.

படத்தை விற்று அமைப்புக்கு நிதி சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பணம் நேரே அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், உங்கள் சொந்த இ-வாலட் வழியாக ஒருபோதும் வேண்டாம். தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிப்பதற்குத் தனிச் சட்டமும் அனுமதியும் உண்டு, அதை அமைப்பே பார்த்துக்கொள்ளட்டும்.

படம் யாருக்குச் சொந்தம்? பிறகு என் படத்தை ஒரு நிறுவனம் விளம்பரத்தில் போட்டுவிட்டால்?

நீங்களாக எடுத்தால் காப்புரிமை உங்களுடையது. ஆனால் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு எடுக்கவைத்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கவைத்தவருக்குப் போய்விடும். அதனால் முன்கூட்டியே நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: உரிமை படக்காரருடையது, அமைப்பு தன் தொண்டுப் பணிகளுக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், ஆதரவாளர் நிறுவனத்தின் வணிக விளம்பரத்துக்குத் தனியே கேட்க வேண்டும், படத்தின் கீழ் பெயர் போட வேண்டும். இருவரும் “சரி” என்று செய்தி அனுப்பினால் பிற்காலத்தில் காட்டச் சான்று இருக்கும்.

இலவசமாக எடுக்கிறேன் என்று தெரிந்ததும் திருமணம், காதணி விழா எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிறார்கள்.

ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சி என்று முதலிலேயே முடிவு செய்து, அதைச் சொல்லிவிடுங்கள். வேலை, குடும்பம் உள்ளவருக்கு மாதம் ஒன்றே அதிகம், ஏனென்றால் நான்கு மணி நேரம் எடுத்த படத்துக்குக் குறைந்தது அதே அளவு நேரம் கணினி முன் போகும். அமைப்பின் செயலாளர் வீட்டு விசேஷம் தொண்டில் சேராது. கட்டணத்தைச் சொல்லுங்கள், அல்லது கட்டணம் வாங்கும் ஒருவரைக் கைகாட்டுங்கள். பெட்ரோல், டோல் செலவை அமைப்பு தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

ட்ரோன் பறக்கவிடலாமா?

விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கூடாது. கூட்டத்தின் தலைக்கு மேல், அனுமதி இருந்தாலும் வேண்டாம். பக்கத்து அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாவது மாடியிலிருந்து, காவலாளியிடம் கேட்டுவிட்டு, 35 மிமீ லென்ஸில் எடுங்கள்.